எட்டு மணிக்கு மணிக்கு மாத்திரை!

குட்டீஸ்! "எனக்கு ஒரு நாய்க்குட்டி வேணும்" என்று வீட்டில் ஒரு தடவையாவது அடம்பிடிக்காதவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். ஒருவரையும் காணோமே!

சரி, அப்படிக் கேட்கும்போது உங்கள் மனதுக்குள் ஓடுவது எந்த மாதிரி குட்டி? பஞ்சுப் பொதி போல உடம்பு, பளபளக்கும் கண்கள், எறிந்த பந்தைக் கவ்விக்கொண்டு ஓடி வரும் சுறுசுறுப்பு... அப்படித்தானே? ஆனால், விலங்குகள் காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே வாலாட்டி வரவேற்கும் நாய்களில் பல வேறு மாதிரி இருக்கும். ஒன்றுக்கு மூன்றே கால். இன்னொன்றுக்குக் கண் தெரியாது. மூன்றாவது பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால், கூண்டில் தொங்கும் அட்டையில், 'தினமும் 2 வேளை மாத்திரை, ஆயுள் முழுக்க' என்று எழுதியிருக்கும். வருகிறவர்கள் அந்த அட்டையைப் படிப்பார்கள். "அடடா, பாவம்!" என்பார்கள். அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

அப்படி ஓர் அட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவன்தான் மணி. நாயை 'அது' என்று எழுதுவதுதான் இலக்கணம். ஆனால், வீட்டில் 'அவன்' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. மணிக்கு மட்டும் எனக்கு அந்தச் சலுகையைக் கொடுத்துவிடுங்கள்!

திரும்பி வந்தவன்

மணி நம் ஊர் நாட்டு நாய். வெல்லப்பாகு நிறம், மடங்கிய ஒரு காது. நாங்கள் பார்த்தபோது வயது 2 இருக்கும் என்று பல்லைப் பார்த்து டாக்டர் சொன்னார். எங்களுக்கு முன்பே ஒரு குடும்பம் அவனைத் தத்தெடுத்துக்கொண்டு போயிருந்தது. 11 நாள்கள் எல்லாம் நன்றாகப் போனது. 12ஆம் நாள் ராத்திரி, கூடத்தில் படுத்திருந்தவன் திடீரென்று விறைத்துக்கொண்டு விழுந்தான். கால்கள் நான்கும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. அந்த வீட்டுக் குழந்தை பயந்து அலறிவிட்டது. மறுநாள் காலையிலேயே காரில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மணிக்கு வலிப்பு நோய் இருப்பது அதுவரை காப்பகத்துக்கே தெரியாது. "கார் போன திசையையே ரெண்டு நாள் பாத்துக்கிட்டே இருந்துச்சு சார்" என்று அங்கே வேலை செய்யும் பெரியவர் சொன்னார்.

அப்போது என் மகள் ஆறாம் வகுப்பு. அந்த ஒரு வாக்கியம் போதும் அவளுக்கு! "இவனைத்தான் கூட்டிட்டுப் போகணும்" என்று நின்றுவிட்டாள். அவள் அம்மா அழவும் இல்லை, அதட்டவும் இல்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டாள். "காலையில 8 மணிக்கு மாத்திரை குடுக்கறது யாரு? ராத்திரி 8 மணிக்கு யாரு? மே மாசம் பாட்டி ஊருக்குப் போனா யாரு?"

இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒழுங்கான பதிலை ஒரு தாளில் எழுதி முடிக்க எங்களுக்கு 3 வாரம் ஆனது. அதற்கு அப்புறம்தான் மணி வந்தான்.

மூளைக்குள் ஒரு மின்னல்

வலிப்பு என்றால் என்ன? நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை சின்னச் சின்ன மின் துடிப்புகளால் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன. வகுப்பில் ஒவ்வொருவராகப் பதில் சொன்னால் டீச்சருக்குப் புரியும். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால்? அதே கதைதான். ஏராளமான செல்கள் ஒரே சமயத்தில் துடித்துவிட்டால், உடம்புக்கு என்ன செய்வது என்றே தெரியாது. விறைக்கும், வெட்டி இழுக்கும். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். நாய்களில் பரம்பரையாக வரும் வலிப்பு, பெரும்பாலும் 6 மாதம் முதல் 6 வயதுக்குள் தலைகாட்டும்.

வலிப்பு வந்த நாயின் பக்கத்தில் இருந்தால் என்ன செய்ய வேண்டும்? முதல் வேலை, கடிகாரத்தைப் பார்ப்பது! ஆமாம், எத்தனை நிமிடம் என்று கணக்கு வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தாலோ ஆபத்து. உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். அடுத்தது, படிக்கட்டு, மேசை முனை போன்றவற்றில் இடித்துக்கொள்ளாமல் பார்ப்பது. டி.வி.யை அணைத்து, விளக்கைக் குறைத்து, சத்தம் இல்லாமல் இருப்பது. வாய்க்குள் மட்டும் கையை விடவே கூடாது. 'நாக்கை விழுங்கிவிடும்' என்பார்கள். விழுங்காது! ஆனால், தன்னை அறியாமல் உங்கள் விரலைக் கடித்துவிடும். தண்ணீரும் புகட்டக் கூடாது. மூச்சுக் குழாய்க்குள் போய்விடும்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி, மணிக்கு முதல் தடவை வலிப்பு வந்தபோது இரும்புச் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். மனிதர்களுக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்கும் பழக்கம் உங்கள் ஊரிலும் இருக்கும். அதனால் ஒரு பயனும் இல்லை. ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும் வலிப்பு, சாவியைக் கொடுத்ததால் நின்றது போலத் தோன்றும், அவ்வளவுதான். பாவம், நாயின் எந்தக் கையில் சாவியைக் கொடுப்பது என்று பாட்டியே குழம்பிப் போனார்!

மணி சாப்பிடும் மாத்திரையின் பெயர் பீனோபார்பிட்டால். மனிதர்களின் வலிப்புக்காக 1912ஆம் ஆண்டிலேயே பயன்பாட்டுக்கு வந்த மருந்து. நூறு வயதைத் தாண்டிய தாத்தா மருந்து! 12 மணி நேரத்துக்கு ஒன்று என்று கொடுத்தால்தான் ரத்தத்தில் அதன் அளவு ஒரே சீராக இருக்கும். திடீரென்று நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு முன்பைவிட மோசமாகப் பாயும். இந்த மருந்து சாப்பிடும் நாய்க்குப் பசியும் தாகமும் அதிகம். பார்க்கிறவர்கள் எல்லாம் 'பட்டினி போடுகிறார்களோ' என்று நினைக்கும் அளவுக்கு மணி தட்டை நக்குவான். கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் உண்டு. மாத்திரையின் விலையைவிட அந்தச் செலவுதான் கூடுதல்.

மிதியடிக்குக் கீழே மூன்று

நாய்க்கு மாத்திரை கொடுப்பது ஒரு தனிக் கலை! முதல் வாரம் இட்லித் துண்டுக்குள் ஒளித்துக் கொடுத்தோம். மணி இட்லியைத் தின்றுவிட்டு, மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துப்பினான். பிறகு வாழைப்பழத்தில் வைத்தோம். பழம் வழுக்கிக்கொண்டு போவதால் சந்தேகமே வரவில்லை. (இட்லிக்குச் சாம்பார் ஊற்றலாமே என்று கேட்காதீர்கள். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட், திராட்சை, சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு எல்லாமே நாய்க்கு நஞ்சு. உங்கள் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையையும் கொடுத்துவிடாதீர்கள்.)

ஒருமுறை வெளியூரில் ஒரு கல்யாணம். வெள்ளிக்கிழமை காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். ஞாயிறு மாலை திரும்பிவிடுவோம். நடுவில் 4 வேளை. மாடி வீட்டு அண்ணன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நல்ல பொறுப்பான பையன். வேளை தவறாமல் வந்து கொடுத்தும் இருக்கிறார். ஆனால், வாழைப்பழம் தீர்ந்துவிட்டதால், அவருக்குத் தோன்றியபடி இட்லியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். மணியின் துப்பும் திறமையை அவரிடம் சொல்ல நாங்கள்தான் மறந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 11 மணிக்கு முதல் வலிப்பு. அரை மணி கழித்து இரண்டாவது. மூன்றாவது வந்தபோது என் மகள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். "நாலு நிமிஷம்பா... அஞ்சு ஆயிடுச்சுப்பா..." அவள் குரல் நடுங்கியது இன்னும் என் காதில் இருக்கிறது. போர்வையில் சுற்றி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் நரம்பில் ஊசி போட்டார். அது அடங்க விடியற்காலை ஆகிவிட்டது. இரண்டு நாள் மணிக்கு எங்களை அடையாளமே தெரியவில்லை. சுவரில் முட்டிக்கொண்டு நடந்தான்.

மூன்றாம் நாள் வீட்டைப் பெருக்கும்போது வாசல் மிதியடிக்குக் கீழே ஊறிப்போன மாத்திரைகள் கிடைத்தன. எண்ணிப் பார்த்தோம். மூன்று!

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது. வாயைத் திறந்து, நாக்குக்கு அடியிலும் கன்னத்து ஓரத்திலும் பார்க்க வேண்டும். அப்புறம் சுவரில் உள்ள தினசரி காலண்டரில் ஒரு டிக். காலை டிக் என் மகளுடையது. ராத்திரி டிக் என்னுடையது. பரீட்சை நாளிலும் அவள் டிக் தவறியதில்லை. என்னுடையது இரண்டு முறை தாமதம் ஆகியிருக்கிறது. அதைச் சிவப்பு மையில் குறித்தும் வைத்திருக்கிறாள்!

நவம்பர் 14இல் பிறந்தவர்

வலிப்பைப் போலவே ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டிய இன்னொரு நோய் சர்க்கரை நோய். "தாத்தாவுக்குத்தானே சர்க்கரை வரும், நாய்க்குமா?" என்று கேட்பீர்கள். வரும்! நம் வயிற்றுக்குள் இருக்கும் கணையம் என்ற உறுப்பு இன்சுலினைச் சுரக்கிறது. அது குறைந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும். நாய்க்கு இந்த நோய் வந்தால் அநேகமாக எல்லா நாய்களுக்கும் இன்சுலின் ஊசியே வேண்டும். தினம் 2 வேளை, சாப்பாட்டோடு சேர்த்து.

இந்த இன்சுலினுக்கும் நாய்களுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1889இல் ஜெர்மனியில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டார்கள். அந்த நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. நோயின் ரகசியம் கணையத்தில்தான் இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். பிறகு 1921இல், கனடாவில் உள்ள டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் பான்டிங் என்ற டாக்டரும், சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரும் கணையத்தில் இருந்து ஒரு சாறு எடுத்தார்கள். கணையம் இல்லாத நாய்களுக்கு அதைச் செலுத்திப் பார்த்தார்கள். மார்ஜோரி என்ற நாய் சுமார் 70 நாள் உயிரோடு இருந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம்!

1922 ஜனவரியில் அந்த ஊசி முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் போடப்பட்டது. யார் அந்த நோயாளி தெரியுமா? லெனார்ட் தாம்ப்சன் என்ற சிறுவன். வயது 14. உங்களில் சிலருக்கு அண்ணன் வயது, சிலருக்கு அதே வயது! சாகும் நிலையில் இருந்தவன் எழுந்து நடந்தான். மறு வருடமே, 1923இல், பான்டிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாள் நவம்பர் 14. நீங்கள் பள்ளியில் மிட்டாய் சாப்பிட்டுக் குழந்தைகள் தினம் கொண்டாடும் அதே நாள்தான் உலக நீரிழிவு நோய் தினமும்!

பாவம், மார்ஜோரிக்கும் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் இறந்த மற்ற நாய்களுக்கும் இதெல்லாம் தெரியாது. யாரும் அவற்றிடம் கேட்டுக்கொண்டு செய்யவும் இல்லை. இன்றைக்கு ஒரு சர்க்கரை நோய் நாய்க்குக் காலையில் ஒருவர் ஊசி போடும்போது, பழைய கடனில் ஒரு காசைத் திருப்பித் தருகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

ஊசி போடுவது பெரியவர்கள் வேலை. ஆனால், உங்களுக்கும் வேலை உண்டு. நாய் தட்டைக் காலி செய்ததா என்று பார்ப்பது. சாப்பிடாத வயிற்றில் வழக்கமான அளவு இன்சுலின் போனால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். அதனால், சாப்பிடவில்லை என்றால் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். ஊசிக்குப் பிறகு நாய் தள்ளாடினாலோ, சோர்ந்து விழுந்தாலோ ஈறில் தேனைத் தடவிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். இன்சுலினைப் பிரிட்ஜில் வைக்க வேண்டும். ஐஸ் உறையும் பெட்டியில் வைத்தால் வீணாகிவிடும். சர்க்கரை நோய் வந்த பெரும்பாலான நாய்களுக்குக் கொஞ்ச நாளில் கண்புரையும் வரும்.

கொலுசு சத்தம் கேட்டால் போதும்

கண் போன நாய் என்ன செய்யும்? நாம் நினைப்பது போல மூலையில் உட்கார்ந்து அழாது! நாய்க்கு மூக்குதான் முதல் கண். அடுத்தது காது. ஒரே ஒரு நிபந்தனை: சோபா, நாற்காலி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் தினமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வீட்டின் வரைபடம் அதன் தலைக்குள் பதிந்துவிடும். மாடிப்படி தொடங்கும் இடத்தில் ஒரு சொரசொரப்பான கயிற்று மிதியடி போட்டால், காலில் பட்டதும் நின்றுவிடும். நீங்கள் கொலுசு போட்டிருந்தால் இன்னும் வசதி. எந்த அறையில் இருக்கிறீர்கள் என்று அதற்கு எப்போதும் தெரியும்.

காது கேட்காத நாய்களும் உண்டு. நம் தமிழ்நாட்டுப் பெருமையான ராஜபாளையம் நாயைப் பார்த்திருப்பீர்கள். தும்பைப்பூ வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. அந்த இனத்துக் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாமல் பிறப்பதுண்டு. அவற்றைக் கூப்பிட்டுப் பழக்க முடியாது. அதனால் கைச் சைகை! உள்ளங்கையைக் காட்டினால் 'நில்', கீழே அமுக்கிக் காட்டினால் 'உட்கார்'. தூங்கும்போது தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடிக்கலாம். பக்கத்தில் தரையைக் காலால் தட்டினால், அந்த அதிர்வில் மெதுவாகக் கண் விழிக்கும்.

மூன்று கால் நாய்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். அவை நம்மைவிட வேகமாக ஓடும். நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்கால்கள்தான் தாங்குகின்றன. அதனால் பின்கால் போனால் சீக்கிரம் சமாளித்துவிடும். முன்கால் போனால் கொஞ்சம் சிரமம். குண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வழவழப்பான டைல்ஸ் தரையில் கயிற்றுப்பாய் போட வேண்டும். அவ்வளவே!

முதுகெலும்பில் அடிபட்டு இரண்டு பின்கால்களும் செயலிழந்த நாய்கள்தான் உண்மையிலேயே கடினம். வண்டியில் அடிபடும் தெரு நாய்களுக்கு இது நிறைய நடக்கிறது. பிளாஸ்டிக் குழாயை வெட்டி, இரண்டு சக்கரம் பொருத்தி, பின்பக்கம் கட்டிவிடும் குட்டி வண்டியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வண்டி கட்டிய நாய் காற்றாய்ப் பறக்கும்! ஆனால், படத்தில் தெரியாத வேலைகள் பல. அந்த நாய்க்குத் தானாகச் சிறுநீர் கழிக்க வராமல் போகலாம். ஒரு நாளைக்குப் பல தடவை வயிற்றை அமுக்கி எடுத்துவிட வேண்டும். டாக்டர் கற்றுத் தருவார். உடம்பை இழுத்து நகர்வதால் புண் வரும். வண்டியிலேயே நாள் முழுக்க விடவும் கூடாது, அதில் படுக்க முடியாதே! வீட்டில் எப்போதும் ஒரு பெரியவர் இருந்தால்தான் இது நடக்கும். ஆசைப்பட்டு எடுத்துவிட்டு, ஒரு மாதத்தில் கைகழுவுவதைவிட, எடுக்காமல் இருப்பதே அந்த நாய்க்கு நல்லது.

மூக்கை இழந்த கபாங்

பிலிப்பைன்ஸ் நாட்டில் சாம்போங்கா என்ற ஊர். அங்கே ஆதரவற்ற குட்டியாகக் கிடைத்த ஒரு நாயை ஒரு குடும்பம் வளர்த்தது. பெயர் கபாங். 2011 டிசம்பரில் இரண்டு சிறுமிகள் சாலையைக் கடக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாக வந்தது. கபாங் குறுக்கே பாய்ந்தது. சிறுமிகள் தப்பினார்கள். ஆனால், சக்கரத்தில் சிக்கி கபாங்கின் மேல் தாடையும் மூக்கும் பிய்ந்து போயின. "இதைக் கருணைக்கொலை செய்துவிடலாம்" என்று பலரும் சொன்னார்கள். வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்.

சிகிச்சைக்குப் பணம்? அந்தக் குடும்பத்திடம் இல்லை. செய்தி பரவியதும் பல நாட்டு மக்கள் நன்கொடை அனுப்பினார்கள். 2012 அக்டோபரில் கபாங் விமானம் ஏறி, அமெரிக்காவின் டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குப் போனது. டாக்டர்கள் சோதித்துப் பார்த்தால், காயம் மட்டும் இல்லை! இதயத்தில் புழுக்கள், கூடவே புற்றுநோய்க் கட்டி வேறு. முதலில் அந்த இரண்டுக்கும் மாதக்கணக்கில் வைத்தியம் செய்துவிட்டு, 2013இல்தான் முகத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். புது மூக்கு வைக்க முடியவில்லை. காயத்தை மூடி, மூச்சு விட வழி செய்தார்கள். அந்த ஜூன் மாதம் கபாங் ஊர் திரும்பியபோது ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். மூக்கில்லாத அந்த முகத்தோடு 2021 வரை அது வாழ்ந்தது.

காப்பகத்துக்கு வரும் நாய்களிலும் இப்படித்தான். காலில் அடி என்று வரும். சோதித்தால் உண்ணிக் காய்ச்சலும் இருக்கும். உண்ணி கடித்து ரத்தத்தில் கிருமி ஏறுவதால் வருவது அது. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயில் பிழைத்த குட்டிக்கு, தலையோ காலோ ஆயுள் முழுக்கத் துடித்துக்கொண்டே இருக்கலாம். ஆளைப் பயமுறுத்தும். ஆனால், அந்தத் துடிப்பு மற்ற நாய்க்குத் தொற்றாது, உங்களுக்கும் தொற்றாது. குட்டியாக இருந்தபோது தடுப்பூசி போட்டிருந்தால் அந்த நோயே வந்திருக்காது.

ஆசை வந்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்!

இதைப் படித்துவிட்டு, தெருவில் நொண்டும் நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடாதீர்கள்! வலியில் இருக்கும் நாய் யாரையும் கடிக்கும். வாயில் நுரையோடு தள்ளாடும் நாய்க்கு வலிப்பும் இருக்கலாம். ரேபிஸ் என்ற வெறிநோயும் இருக்கலாம். பார்த்து உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. தள்ளி நின்று, பெரியவர்களிடம் சொல்லி, காப்பகத்துக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். தப்பித்தவறி கடியோ கீறலோ பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளும் வேண்டாம், மிளகாய்ப் பொடியும் வேண்டாம். திட்டுவார்களே என்று மறைக்காமல் அப்பா அம்மாவிடம் சொல்லி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் இதற்கான தடுப்பூசி இலவசம். ரேபிஸ் வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய முடியாது. ஆனால், நேரத்தோடு ஊசி போட்டால் வராமலே தடுத்துவிடலாம்.

காப்பகத்தில் இருந்து எடுப்பதுதான் சரியான வழி. சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு 60 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வேலையைச் செய்கிறது. அதைத் தொடங்கிய கேப்டன் வி.சுந்தரம் விமானி. அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானிதான்! ஆகாயத்தில் பறந்தவர்கள் தெரு நாய்க்காகத் தரையில் குனிந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். பிற ஊர்களிலும் காப்பகங்கள் இருக்கின்றன. சிகிச்சைக்குச் சென்னை வேப்பேரியில், 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. உங்கள் ஊர் அரசு கால்நடை மருத்துவமனையிலும் நாய்களைப் பார்ப்பார்கள்.

காப்பகத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள். என்ன நோய்? இப்போது என்ன மருந்து, எத்தனை வேளை? மாதத்துக்கு என்ன செலவாகும்? கடைசியாக எப்போது உடம்பு மோசமானது? மருந்துச் சீட்டை வாங்கி வாருங்கள். ஒரே நாளில் முடிவு எடுக்காதீர்கள். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் அந்த நாயோடு உட்கார்ந்திருங்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ விருப்பம் இல்லை என்றால், விட்டுவிடுங்கள். உங்களுக்கு அடுத்த வருடம் விடுதியில் படிக்கப் போகும் திட்டம் இருந்தாலும் யோசியுங்கள். நாயைக் கொண்டுபோய் எங்காவது பசியும் தாகமுமாகத் தவிக்க விட்டுவிட்டு வருவது, 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்கூட.

எடுக்க முடியாதவர்கள் என்ன செய்யலாம்? பழைய நாளிதழ், கிழிந்த போர்வை, மருந்து வைக்கக் காலி டப்பா... எல்லாமே காப்பகத்துக்குத் தேவைப்படும். என் மகளின் தோழி ஒருத்தி வாடகை வீட்டில் இருக்கிறாள். நாய் வளர்க்க வீட்டுச் சொந்தக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் மாதம் ஒரு முறை அம்மாவோடு காப்பகத்துக்குப் போகிறாள். நாய்களின் கூண்டு அட்டைகளை, அழகான கையெழுத்தில் புதிதாக எழுதித் தருகிறாள். 'தினமும் 2 வேளை மாத்திரை' என்பதோடு முடிக்காமல், 'வாழைப்பழம் என்றால் உயிர்', 'காதுக்குப் பின்னால் சொறிந்தால் தூங்கிவிடும்' என்று கேட்டறிந்து இன்னொரு வரியும் சேர்க்கிறாள். இப்போதெல்லாம் அட்டையைப் படிப்பவர்கள் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறார்களாம்.

மணிக்கு இப்போது வயது 6. நான்கு மாதமாக வலிப்பு வரவில்லை. தீபாவளி வந்தால்தான் எங்களுக்குப் பயம். வெடிச் சத்தத்தில் பயந்து பதறினால் வலிப்பு வந்துவிடலாம். அன்று ராத்திரி ஜன்னலை எல்லாம் மூடி, மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, என் மகள் அவனோடு கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தில் 7.55. வாழைப்பழத் தார் தொங்கும் இடத்துக்குக் கீழே மணி வந்து உட்கார்ந்துவிட்டான். வால் தரையைத் தட்டுகிறது. இன்றைய ராத்திரி டிக் என்னுடையது, தாமதமானால் சிவப்பு மை! நான் எழுந்து போகிறேன், குட்டீஸ்.